பொஜோவா, பியூஜியாட்டா? வெளிநாட்டு கார் பெயர்களைச் சொல்லிப் பழக ஒரு வழிகாட்டி

இறக்குமதி கார்களுக்கு உதிரி பாகம் விற்கும் ஒரு நிறுவனத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை. சேர்ந்து மூன்றாவது நாள். எதிர்முனையில் ஒரு அம்மா, "பொஜோ வண்டிக்கு முன்பக்க பிரேக் பேட் இருக்கா?" என்று கேட்டார். காதில் விழுந்ததை அப்படியே கணினியில் தட்டினேன்: பி, ஓ, ஜே, ஓ. அப்படி ஒரு கம்பெனியே இல்லை என்றது திரை. "அது என்ன வண்டிங்க, புதுசா வந்திருக்கா?" என்று வேறு கேட்டு வைத்தேன். அவர் பொறுமையாக எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டு வர, ஐந்தாவது எழுத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. சின்ன வயதிலிருந்து படங்களில் பார்த்து, மனசுக்குள் 'பியூஜியாட்' என்று நான் படித்துக்கொண்டிருந்த அதே சிங்கச் சின்னம் போட்ட பிரெஞ்சு கார் (Peugeot).

அடுத்த வாரம் நேர் எதிரான அனுபவம். ராத்திரி உட்கார்ந்து ஜெர்மன் உச்சரிப்பைத் தேடிப் படித்துவிட்டு, மறுநாள் ஒருவரிடம் 'மெர்ட்ஸேடெஸ்' என்று அழுத்தம் திருத்தமாகச் சொன்னேன். "என்ன டெஸ்?" என்றார். மூன்று தடவை. கடைசியில், "பென்ஸுங்க" என்றேன். "அதை முதல்ல சொல்ல வேண்டியதுதானே!"

இந்த இரண்டு அசடுகளுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில மாதங்கள் ஆயின. விற்பனை, பழுது பார்த்தல், காப்பீடு, அழைப்பு மையம், காணொளிக்குக் குரல் கொடுப்பது என்று எந்த வழியாகவாவது கார் பெயர்களோடு புழங்கப் போகிறவர்கள் மூன்று வாரத்தில் முடித்துவிடலாம்.

1. வாய்க்கு எது, காதுக்கு எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு பெயருக்குக் குறைந்தது இரண்டு உச்சரிப்பு உண்டு. சொந்த நாட்டில் சொல்வது ஒன்று, ஆங்கிலத்தில் சொல்வது ஒன்று. பல சமயம், எழுத்தைப் பார்த்து மக்கள் தாங்களாகவே படித்துக்கொண்டது மூன்றாவது. காதுக்கு இவை எல்லாமே பழகியிருக்க வேண்டும். யார் எப்படிச் சொன்னாலும் உங்களுக்குப் புரிய வேண்டும். வாயால் சொல்வதற்கு மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? நான் பின்பற்றுவது இது. பேசாமல் விழுங்க வேண்டிய எழுத்துகள் உள்ள பெயர் என்றால், தயங்காமல் விழுங்கிவிடுங்கள். ரெனோவை 'ரெனால்ட்' என்பதும் ஷெவ்ரொலேவை 'செவ்ரோலெட்' என்பதும் பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் தப்பு, பிரெஞ்சிலும் தப்பு. ஆங்கில வடிவம் உலகம் முழுக்க ஊறிப்போன பெயர் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானியர் 'பே-எம்-வே' என்பார்கள், தெரிந்திருக்கட்டும், நீங்கள் பி.எம்.டபிள்யூ என்றே சொல்லுங்கள். மெர்சிடிஸும் அப்படித்தான். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாத இடத்தில் சொந்த நாட்டு வடிவத்தின் பக்கம் சாய்வது நல்லது. 'போர்ஷ்' என்பதற்குப் பதில் 'போர்ஷ' என்று கடைசியில் ஒரு அகரம் சேர்ப்பதற்கு என்ன செலவாகிவிடப் போகிறது?

ஒரே ஒரு விலக்கு: நேர்முகத் தேர்வு அந்தக் கம்பெனியிலேயே நடக்கிறது என்றால், அந்தக் கம்பெனி தன் விளம்பரத்தில் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறதோ அதுதான் சரி. அங்கே போய் மொழியியல் பேச வேண்டாம்.

2. என்னென்ன தேவை, எவ்வளவு செலவு, எத்தனை நாள்

முதலில் ஒரு பட்டியல் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் 'உலகின் கார் கம்பெனிகள்' பட்டியலை எடுக்காதீர்கள். அதில் பாதி உங்கள் வாழ்நாளில் வராது. உங்கள் வேலையில் உண்மையாகவே புழங்கும் விலைப்பட்டியல், பாகங்களின் அட்டவணை, காப்பீட்டுப் படிவம் இவற்றிலிருந்து எடுங்கள். எனக்கு 43 பெயர்கள் வந்தன.

அடுத்து ஒரு நோட்டு. பக்கத்துக்கு நாலு கட்டம்: பெயரின் ஆங்கில எழுத்து, எந்த மொழி, தமிழில் உச்சரிப்பு, வாடிக்கையாளர்கள் சொல்லும் வடிவங்கள். நாலாவது கட்டத்தை அகலமாக விடுங்கள். எனக்கு அதிகம் பயன்பட்டது அதுதான். அப்புறம் ஒலிப்பதிவு செய்யும் வசதியுள்ள போன், காதில் மாட்டும் ஹெட்போன். போனின் ஒலிபெருக்கியில் கேட்டால் ஸ, ஷ, ஃப மூன்றும் ஒன்று போலவே கேட்கும். ஹெட்போன் கையில் இருந்தால் மொத்தச் செலவு பூஜ்யம். காசு கேட்கும் உச்சரிப்புச் செயலி எதுவும் இதற்குத் தேவையில்லை.

நாள் கணக்கு: தினம் 15 நிமிடம், மூன்று வாரம். ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். மறுநாள் காலையில் பாதி மறந்திருந்தது. பிரெஞ்சுப் பெயர்களுக்கு மட்டும் ஒரு முழு வாரம் ஒதுக்குங்கள். ஜப்பானியப் பெயர்கள் இரண்டு நாளில் முடிந்துவிடும்.

3. பெயர் எந்த மொழியிலிருந்து வந்தது என்று பாருங்கள்

எழுத்தைப் பார்த்து உச்சரிப்பை ஊகிக்கும் முன் இதைச் செய்ய வேண்டும். ஒரே எழுத்து மொழிக்கு மொழி வேறு வேலை செய்கிறது. ஆங்கில 'வி' எழுத்து ஜெர்மன் சொல்லில் பெரும்பாலும் ஃப ஆகும், ஸ்வீடனில் வ-தான். அதனால்தான் ஃபோல்க்ஸ்வாகன், ஆனால் வோல்வோ. இந்த விதியைக் கற்ற புதிதில் வோல்வோவை 'ஃபோல்ஃபோ' ஆக்கிய புண்ணியவான் நான்.

கம்பெனி இருக்கும் நாடும் பெயரின் மொழியும் எப்போதும் ஒன்றாக இருக்காது. ஷெவ்ரொலே அமெரிக்கக் கம்பெனி. பெயர், சுவிட்சர்லாந்தில் பிறந்த லூயி ஷெவ்ரொலேயுடைய பிரெஞ்சுப் பெயர். புகாத்தியின் தொழிற்சாலை பிரான்சில் உள்ள மோல்ஸைமில். பெயர் இத்தாலியப் பெயர். மெர்சிடிஸ் என்பது ஸ்பானியப் பெண் பெயர், குடியிருப்பது ஜெர்மனியில். வோல்வோ ஸ்வீடன் கம்பெனி, சொல் லத்தீன். 'நான் உருள்கிறேன்' என்று பொருள். விக்கிப்பீடியாவில் முதல் இரண்டு வரியைப் படித்தாலே இந்த விவரம் கிடைத்துவிடும். நோட்டின் இரண்டாவது கட்டத்தில் நாட்டை எழுதாமல் மொழியை எழுதுங்கள்.

4. மொழிவாரியாகப் படியுங்கள்

ஜெர்மன்: விதி மாறாத மொழி, அதனால் இங்கிருந்து தொடங்குவது வசதி. டபிள்யூ என்றால் வ. வி என்றால் பெரும்பாலும் ஃப. இஸட் என்றால் ட்ஸ. எஸ்-சி-எச் மூன்றும் சேர்ந்தால் ஷ. சொல்லின் கடைசியில் வரும் ஆங்கில 'ஈ' எழுத்தை விழுங்கக் கூடாது. பாதி அகரமாகச் சொல்ல வேண்டும். இந்த ஐந்தை வைத்துக்கொண்டே ஃபோல்க்ஸ்-வாகன், பென்ட்ஸ், போர்-ஷ மூன்றையும் நீங்களே படித்துவிடலாம்.

அடுத்தது ஔடி. இதைத்தான் நம்மில் பலர் 'ஆடி' என்கிறோம், 'ஆடியோ' என்ற சொல்லின் பழக்கத்தில். ஔவையார் பெயரில் வரும் அதே ஔ. தமிழில் அவ்வளவாக வேலையில்லாமல் இருக்கும் எழுத்து அது. டி மட்டும் 'வண்டி'யில் வருவது போல.

மைபாக் என்ற பெயரின் கடைசி ஒலி ஜெர்மனில் முழு க் அல்ல. தொண்டையை உரசிக்கொண்டு வரும் காற்று. 'எஃகு' என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் ஆய்தம் வரும்போது தொண்டையில் என்ன நடக்கிறதோ அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. வராவிட்டால் க் என்றே சொல்லுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பிரெஞ்சு: இங்கேதான் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். முதல் விதி, கடைசியில் வரும் டி, எஸ், எக்ஸ் போன்ற மெய்யெழுத்துகள் பெரும்பாலும் பேசாது. ரெனோவில் எல்லும் டியும் சும்மா நிற்கின்றன. பொஜோவிலும் ஷெவ்ரொலேவிலும் கடைசி டி சும்மா. ஆனால் எல்லா மெய்யும் விழும் என்று நினைத்து சித்ரொஎன் பெயரின் கடைசி என்-னையும் விழுங்கிவிடாதீர்கள். அங்கே அது நன்றாகவே ஒலிக்கும்.

அந்தப் பெயரில் ஈ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு இல்லை. முன்னால் இருக்கும் ஓ-வோடு இதைச் சேர்க்காதே, தனியாகச் சொல் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆக மூன்று அசை: சி, த்ரொ, என். ஆங்கிலத்தில் 'சிட்ரன்' என்று இரண்டு அசையாகச் சுருக்குவார்கள். காதுக்கு அதையும் வைத்துக்கொள்ளுங்கள். 'சிட்ரோயன்' என்று கேட்கிறவர்களும் உண்டு.

பொஜோவில் இரண்டு ஒலிகள் நம்மிடம் இல்லை. முதல் உயிர்: உதட்டை ஓ சொல்வது போலக் குவித்துக்கொண்டு, உள்ளே எ சொல்லுங்கள். கண்ணாடி முன் நின்று செய்தால் உடனே பிடிபடும். உதடு விரிந்தால் தப்பு, அவ்வளவுதான். அடுத்தது அந்த ஜ. நம்முடைய ஜ-வில் நாக்கு மேலண்ணத்தை ஒரு கணம் அடைத்துவிட்டுத் திறக்கும். பிரெஞ்சில் அடைக்கவே அடைக்காது. ஷ் என்று நீட்டிச் சொல்லுங்கள். நாக்கை நகர்த்தாமல் அதிலேயே தொண்டை அதிர்வைச் சேருங்கள். இரண்டு விரலைத் தொண்டையில் வைத்துப் பார்த்தால், ஷ் வரும்போது சும்மா இருக்கும் இடம் இப்போது நடுங்கும். அந்த நடுக்கம்தான் வேண்டிய ஒலி.

பிரெஞ்சுக்காரர்களின் தொண்டை ர-வுக்கு மட்டும் முயலாதீர்கள். நான் ஒரு வாரம் முயன்று, இருமல் மருந்து விளம்பரம் மாதிரி ஆகிவிட்டது. நம் ர போதும்.

இன்னும் இரண்டு: சி-எச் சேர்ந்தால் ஷ, எனவே புகாத்தியின் மாடல் 'சிரான்' இல்லை, ஷீரோன். கடைசி ன் மூக்கோடு நிற்கும். அல்பீன் என்ற கம்பெனியை 'ஆல்பைன்' என்று படித்துவிடுவார்கள். ஐ இல்லை, ஈ.

இத்தாலியன்: நமக்குச் சுகமான மொழி. கிட்டத்தட்ட எல்லா எழுத்தும் பேசும், சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடியும். இரண்டே குழப்பம். சி எழுத்துக்குப் பின் ஈ, ஐ வந்தால் 'பச்சை'யில் வரும் ச்ச. ஆனால் நடுவில் எச் வந்துவிட்டால் க. ஜி எழுத்துக்கும் அதே கதை: பின்னால் ஐ வந்தால் ஜ, நடுவில் எச் வந்தால் 'தங்க'த்தில் வரும் க. ஆகவே லம்போர்கீனி. 'லம்போர்ஜினி' இல்லை. அந்த எச் அங்கே நிற்பதே ஜ ஆகாமல் காப்பாற்றத்தான். மஸெராத்தியின் கிப்லி மாடலும் இதே விதி. எதிர்ப்பக்கம் பார்த்தால் ஆல்ஃபா ரொமேயோவின் ஜூல்யா. அங்கே எச் இல்லை. லான்ச்சா என்ற கம்பெனிப் பெயரில் சி-க்குப் பின்னால் வரும் ஐ, சி-யை ச்ச ஆக்கிவிட்டு மறைந்துகொள்ளும். 'லான்சியா' என்று நீட்ட வேண்டாம்.

அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில். ஃபெர்ராரியில் ரா, மஸெராத்தியில் ரா, லம்போர்கீனியில் கீ, பகானியில் கா. ரொமேயோவில் மே, ஆங்கிலத்தில்தான் அது 'ரோமியோ' ஆகிறது.

ஸ்பானியன்: பட்டியலில் ஒன்றிரண்டுதான் வரும், ஆனால் வில்லங்கமானவை. எஸ்-ஈ-ஏ-டி என்ற நாலு எழுத்துக் கம்பெனியை எல்லோரும் 'ஸீட்' என்று படிக்கிறார்கள், உட்காரும் இருக்கை என்று. அது நீண்ட ஒரு ஸ்பானியப் பெயரின் முதலெழுத்துகள். 'ஸே-ஆத்' என்று இரண்டு அசை. இருக்கை உறை கேட்கிறார் என்று நினைத்து ஒரு அழைப்பை நான் வேறு பிரிவுக்கே மாற்றிவிட்டிருக்கிறேன். ஸ்பானியனில் எச் பேசாது, இரட்டை எல் பெரும்பாலும் ய போல ஒலிக்கும். இத்தாலியக் கம்பெனியான லம்போர்கீனி தன் மாடல்கள் பலவற்றுக்கு ஸ்பானியப் பெயர் வைத்திருப்பதால் இது அங்கே உதவும்: ஹுராகன் இல்லை, உராகான், கல்லார்டோ இல்லை, கயார்தோ.

ஜப்பானியம்: தமிழ் வாய்க்கு இதைவிட எளிது எதுவும் இல்லை. எந்த அசையையும் அழுத்த வேண்டாம், எல்லாம் ஒரே அளவு. கெடுதல் நாம் நெடிலாக்குவதில்தான். தொயொத்த என்பதில் மூன்றும் குறில். நாம் ஆங்கிலத்தின் வழியாக 'டொயோட்டா' ஆக்கியிருக்கிறோம். புழக்கத்தில் அதுவே இருக்கட்டும். நிஸ்ஸனில் ஸ் இரட்டிக்கும், கடைசி அகரம் குறில். ஒரு சுவாரஸ்யம்: தமிழ் இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை. ஜப்பானியரோ நிஸ்ஸனில் வரும் ஸ், ன் இரண்டுக்கும் தலா ஒரு முழு மாத்திரை தருவார்கள். நி, ஸ், ஸ, ன் என்று நாலு தட்டு. கையால் மேஜையில் தட்டிக்கொண்டே சொன்னால் வந்துவிடும்.

அவர்களுடைய உகரம் நம் குற்றியலுகரத்துக்குப் பங்காளி. 'காது', 'பாட்டு' என்பதில் உதடு குவியாமல் வரும் உ இருக்கிறதே, ஸுபருவின் கடைசி உ அதற்குப் பக்கத்தில்தான். ஆங்கிலேயர் இதற்குப் படாத பாடு படுவார்கள், நமக்கு இலவசம். ஸுபரு என்றால் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். அந்தக் காரின் சின்னத்தில் ஆறு நட்சத்திரம் இருப்பது அதனால்தான் என்று தெரிந்த பிறகு அந்தப் பெயர் எனக்கு மறக்கவே இல்லை.

மாஸ்டாவை ஜப்பானில் 'மட்ஸுத' என்பார்கள். வெளியே கம்பெனியே மாஸ்டா என்றுதான் சொல்லிக்கொள்கிறது, நாமும் அப்படியே.

கொரியன்: ஹ்யொன்-தெ. நடு உயிர் அகரத்துக்கும் ஒகரத்துக்கும் இடைப்பட்டது, த 'பந்து'வில் வரும் த. நாம் சொல்லும் 'ஹுண்டாய்' இதிலிருந்து வெகுதூரம். கியாவில் சிக்கல் இல்லை.

மற்றவை: ஷ்கோடாவின் எஸ் தலையில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும், செக் மொழியில் அது ஸ-வை ஷ ஆக்கும். ஆங்கில எழுத்தில் கொக்கியை விட்டுவிடுவதால் எல்லோரும் 'ஸ்கோடா' என்கிறார்கள். ருமேனியாவின் டாச்சியாவை 'டேசியா' என்று படிக்க வேண்டாம். சீனத்து ஜீலி ஜ-வில்தான் தொடங்கும், க-வில் இல்லை. ஸ்வீடனின் கோனிக்ஸெக் பெயரில் வரும் முதல் உயிர், பொஜோவுக்குச் சொன்ன அதே உதடு குவித்த எ, கொஞ்சம் நீட்டி. ஜாகுவாருக்கு ஆங்கிலத்திலேயே இரண்டு கட்சி: பிரிட்டனில் ஜாக்-யு-அ, அமெரிக்காவில் ஜாக்-வார். கம்பெனி பிரிட்டனில் பிறந்தது என்பதால் என் நோட்டில் முதலாவது.

5. தமிழில் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் எழுத்து ஏமாற்றும் இடங்களில் குறி போடுங்கள்

உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்தால் ஒரு வாரத்தில் நீங்களே தப்பாகப் படிப்பீர்கள். தமிழில் எழுதுங்கள். அதிலும் நாலு இடத்தில் கவனம் வேண்டும்.

நம் க ஒன்றே கடலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. தமிழ்ச் சொல்லில் இடத்தைப் பார்த்துத் தானாகவே சரியாகச் சொல்லிவிடுகிறோம். வெளிப்பெயரில் அந்த விதி வேலை செய்யாது. பென்ட்லியின் ப, 'பாம்பு'வில் இரண்டாவதாக வரும் ப. போர்ஷவின் ப, 'படம்' என்பதில் வரும் ப. இரண்டுமே முதலெழுத்து, எழுத்தை வைத்துப் பிரிக்க முடியாது. நான் செய்தது எளிது: பாம்பு, தங்கம், வண்டி, பந்து வகை ஒலி வந்தால் எழுத்தின் கீழ் ஒரு கோடு. கோடு இல்லையென்றால் வல்லொலி. உயிருக்கு நடுவில் வல்லொலி வேண்டுமென்றால் இரட்டித்து எழுதுங்கள். 'மஸெராதி' என்று எழுதினால் வாய் தானாக மென்மையாக்கிவிடும், 'மஸெராத்தி' என்றால் ஆக்காது.

இஸட்டுக்கு நம்மிடம் எழுத்து இல்லை. ஸ எழுதி மேலே ஒரு நட்சத்திரம் போட்டுக்கொண்டேன். இஸுஸு, ஸுஸுக்கி என்ற இரண்டு பெயரிலும் இரண்டாவது ஸு-வுக்கு நட்சத்திரம் வரும், முதல் ஸு-வுக்கு வராது. ஸ சொல்லிக்கொண்டே தேனீ ரீங்காரம் சேர்த்தால் அந்த ஒலி.

மூன்றாவது, த-வா ட-வா. நாம் எல்லா ஐரோப்பியப் பெயருக்கும் ட போடுவது ஆங்கிலத்தின் வழியாக அவை வந்ததால். இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் நாக்கைப் பல்லில் வைத்துத்தான் சொல்கிறார்கள், நம் த போலவே. 'புகாட்டி' என்பதைவிடப் புகாத்தி மூலத்துக்கு நெருக்கம்.

நாலாவதில்தான் நான் விழுந்தேன். இணையத்தில் உச்சரிப்பு விளக்கம் தேடினால் பொஜோவுக்கு நடுவில் இஸட்-எச் என்று இரண்டு எழுத்து போட்டிருப்பார்கள். உலகத்துக்கு அது அந்தப் பிரெஞ்சு ஜ. நமக்கு? 'தமிழ்' என்பதையே ஆங்கிலத்தில் அப்படி எழுதிப் பழகியவர்கள் ஆயிற்றே. இரண்டு நாள் நான் 'பொழோ' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

6. காதால் கேட்டு உறுதி செய்யுங்கள்

நோட்டில் எழுதியதை நம்பி வெளியே சொல்லாதீர்கள்; ஒவ்வொன்றையும் இரண்டு இடத்தில் கேளுங்கள். ஃபோர்வோ என்ற தளத்தில் அந்தந்த நாட்டுக்காரர்கள் தங்கள் குரலில் பதிந்தவை இருக்கின்றன. பதிந்தவர் எந்த நாடு என்று பக்கத்திலேயே போட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். அடுத்தது, அந்தக் கம்பெனி தன் சொந்த நாட்டில் வெளியிட்ட விளம்பரம். பெயர் பெரும்பாலும் கடைசி சில நொடிகளில் வரும்.

மொழிபெயர்ப்புச் செயலியின் ஒலிபெருக்கிக் குறியை அழுத்திக் கேட்கிறவர்கள் செய்யும் தவறு, மொழியை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவது. ரெனோவை ஆங்கிலக் குரலில் கேட்டுவிட்டு அதுதான் பிரெஞ்சு என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளிடும் மொழியை பிரெஞ்சு என்று மாற்றிவிட்டு அழுத்துங்கள். 'சரியான உச்சரிப்பு' என்று தலைப்புப் போட்ட பத்து நொடிக் காணொளிகளை நம்பாதீர்கள். பலவற்றில் இயந்திரக் குரல்தான் பேசுகிறது.

விக்கிப்பீடியாவில் பெயருக்குப் பக்கத்தில் வினோதக் குறிகள் இருக்கும். முழுவதும் கற்க வேண்டாம், ஐந்து போதும். எஸ்ஸை மேலும் கீழும் இழுத்து நீட்டியது போல் இருந்தால் ஷ. எண் 3-க்கு வால் முளைத்தது போல் இருந்தால் அந்த பிரெஞ்சு ஜ. தலைகீழ் ஈ என்றால் பாதி அகரம். முக்காற்புள்ளி போல இருந்தால் முன்னால் உள்ளது நெடில். மேலே ஒரு சின்னக் குத்துக்கோடு வந்தால், அதற்கு அடுத்து வரும் அசையை அழுத்த வேண்டும்.

7. வாயில் ஏற்றுங்கள்

ஒரு பெயரை மூன்று முறை கேளுங்கள், ஒரு முறை சொல்லிப் பதியுங்கள், உடனே இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிடுங்கள். முதல் நாள் பதிவைக் கேட்க வெட்கமாக இருக்கும். அழிக்காமல் வைத்திருங்கள், மூன்றாவது வாரம் ஒப்பிட உதவும்.

என் பதிவுகளில் திரும்பத் திரும்ப வந்த குறை இரண்டு. ஒன்று, மெய்யில் தொடங்கும் கூட்டெழுத்துக்கு முன்னால் ஒரு இ: 'இஷ்கோடா'. மற்றது, மெய்யில் முடிந்தால் பின்னால் ஒரு உ: 'பென்ஸு', 'ரோல்ஸ் ராய்ஸு'. இரண்டும் நம் வாயின் இயல்பு, குற்றமில்லை. ஆனால் தொலைபேசியில் எதிர்முனைக்கு அது இன்னொரு அசையாகக் கேட்கும். ஷ்கோடாவுக்கு ஒரு வழி: ஷ்ஷ்ஷ் என்று யாரையோ அமைதிப்படுத்துவது போல நீட்டிவிட்டு, நிறுத்தாமல் 'கோடா'வைச் சேருங்கள். பத்து தடவையில் இகரம் கழன்றுவிடும்.

பெயரைத் தனியாகச் சொல்ல வந்த பிறகு வாக்கியத்தில் வைத்துப் பழகுங்கள். "உங்க ரெனோவுக்கு பம்ப்பர் வந்துடுச்சு" என்று சொல்லும்போது வேற்றுமை உருபு ஒட்டி, பெயர் குழையும். அங்கேதான் பழைய 'ரெனால்ட்' திரும்ப எட்டிப் பார்க்கும்.

8. மற்றவர் வேறு மாதிரி சொன்னால்

திருத்தாதீர்கள். வாடிக்கையாளர் 'பியூஜியாட்' என்றால், "ஆமாங்க, எந்த வருஷ மாடல்?" என்று மேலே போங்கள். அடுத்த வாக்கியத்தில் நீங்கள் பொஜோ என்று இயல்பாகச் சொன்னால், விருப்பமிருந்தால் அவர் பிடித்துக்கொள்வார். புரியாவிட்டால் எழுத்தெழுத்தாகக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் முதல் மூன்று எழுத்து மட்டும் கேளுங்கள், கணினி மீதியைக் காட்டிவிடும். மேலதிகாரி தவறாகச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கூட்டத்தில் அவர் சொல்லும் வடிவத்தையே சொல்லுங்கள். நோட்டின் நாலாவது கட்டத்தில் அதையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் தேதி போடுங்கள். கம்பெனிகளே சில சமயம் மனதை மாற்றிக்கொள்கின்றன. பிரிட்டனில் பல காலம் 'ஹை-உன்-டாய்' என்றே விளம்பரம் செய்துவந்த ஹ்யொன்தெ, 2023-இல் கொரிய உச்சரிப்பை ஒட்டிச் சொல்லுங்கள் என்று அங்கே விளம்பரம் போட்டது. அமெரிக்காவிலோ 'ஹன்டே' என்பதுதான் வழக்கம். இவற்றோடு நம் 'ஹுண்டாய்' வேறு. அந்த ஒரு பெயருக்கு என் நோட்டில் நாலு வரி இருக்கிறது, நாலும் பென்சிலில்.